கிடை போட மறுத்த கீதாரியும் கீழ்ப்படிதல் பழகிய செவலையும்

இரண்டு வருடத்துக்கு முந்தைய பங்குனி மாதம். சம்பா அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்ற வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தோம். இராமநாதபுரம் பக்கமிருந்து வருடா வருடம் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக்கு வரும் கீதாரி. சுமார் 400 செம்மறி. ஐந்து ராத்திரி கிடை நின்றால் அந்த இரண்டு ஏக்கருக்கு வேறு அடியுரம் பெரிதாகத் தேட வேண்டியிருக்காது. ரசாயன உரத்தை விட்ட நாளிலிருந்து எங்களுக்குக் கிடைதான் பெரிய பலம்.

மூன்றாம் நாள் விடியற்காலை, எங்கள் நாய் செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு கிடைக்குள் பாய்ந்துவிட்டது. கடிக்கவில்லை, விரட்டியதுதான். ஆடுகள் மிரண்டு வலையைச் சாய்த்துக்கொண்டு நாலு பக்கமும் சிதறின. ஒரு குட்டி வாய்க்காலில் விழுந்து செத்துப்போனது. "செவலை வா! வா!" என்று நான் தொண்டை கிழியக் கத்தியது எதுவும் அதன் காதில் ஏறவில்லை. ஆடி ஓடி முடித்து அதுவாக வந்தபோது, ஆத்திரத்தில் கையில் கிடைத்த குச்சியால் அடித்தேன்.

குட்டிக்குக் காசு கொடுத்தேன். கீதாரி வாங்கவில்லை. "காசு கெடக்கட்டும் தம்பி. இந்த நாய் இருக்கற வரைக்கும் ஒங்க வயல்ல கிடை போட முடியாது" என்று சொல்லி அன்றைக்கே கிளம்பிவிட்டார். அடுத்த வருடம் எங்கள் வயலைத் தாண்டிப் பக்கத்து ஊரில் போய்க் கிடை போட்டார். நான் டிராக்டர் வைத்து எரு விலைக்கு வாங்கி அடித்தேன்.

ஊரில் ஆளாளுக்கு ஒரு யோசனை. "எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வாங்க" என்றார்கள் சிலர். "சங்கிலியிலயே போடுங்க" என்றார்கள் சிலர். சங்கிலியில் போட்டுப் பார்த்தேன். நாளெல்லாம் கட்டிக் கிடந்த நாய், அவிழ்த்த நேரத்தில் முன்னைவிட வெறியாக ஓடியது.

எங்களுக்குச் சித்தப்பா முறையில் ஒருவர், காவல் துறை நாய்ப் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "வந்த பெறகு ஏன்டா அடிச்ச?"

"ஆட்ட வெரட்டுச்சே சித்தப்பா."

"வெரட்டுனதுக்கு அடி வாங்குனேன்னு அது நெனைக்காது. ஒங்கிட்ட வந்ததுக்கு அடி வாங்குனேன்னுதான் நெனைக்கும். இனிமே நீ கூப்புட்டா எப்புடி வரும்?"

பிறகு சொன்னார்: "போட்டிக்குத் தயார் பண்ற மாதிரி பழக்கு. கோப்பை கெடைக்குதோ இல்லையோ, அதுல கேக்குற வேலை அத்தனையும் ஒன் வயலுக்கு வேணும்."

போட்டியில் என்ன கேட்கிறார்கள்?

நாய்களுக்கான போட்டி என்றால் உயரம், நிறம், வால் பார்த்துப் பரிசு கொடுப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கீழ்ப்படிதல் போட்டி வேறு. அங்கே அழகுக்கு மதிப்பெண் இல்லை. சொன்னதைச் செய்கிறதா என்பதுதான் கணக்கு. 1933ல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் கிஸ்கோவில் ஹெலன் ஒயிட்ஹவுஸ் வாக்கர் என்ற பெண்மணி இதை நடத்தினார். அவர் பூடில் நாய் வளர்த்தவர். 'அது வெறும் அலங்கார நாய்' என்று மற்றவர்கள் கேலி பேச, அறிவைக் காட்டத்தான் போட்டி வைத்தார். எட்டு நாய்கள் வந்தன. 1936ல் அமெரிக்கன் கென்னல் கிளப் இதற்கு விதிமுறை வகுத்து ஏற்றுக்கொண்டது.

அந்த விதிப்படி மொத்தம் 200 மதிப்பெண். தேற 170 வேண்டும். அதோடு ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் வாங்க வேண்டும். ஒன்றில் சூரப்புலியாக இருந்து இன்னொன்றில் கோட்டை விட்டால் தேற முடியாது. தொடக்க நிலையில் கேட்பவை எளிமையானவைதான்: கயிறோடும் கயிறில்லாமலும் இடது பக்கம் ஒட்டி நடப்பது, வேற்றாள் தொட்டாலும் அசையாமல் நிற்பது, கூப்பிட்டதும் நேராக வருவது, உட்காரச் சொன்னால் உட்கார்ந்தே இருப்பது, படுக்கச் சொன்னால் படுத்தே இருப்பது.

கால்நடை மருத்துவர் ஊசி போடும்போது அசையாமல் நிற்க வேண்டும். நாற்று நட்ட வயலில் இறங்காமல் கூடவே வர வேண்டும். ஆடு மாடு கடக்கும்போது படுத்திருக்க வேண்டும். கூப்பிட்டால் வர வேண்டும். சித்தப்பா சொன்னது சரிதான். அத்தனையும் வயலுக்கான வேலை.

முதலில் திருந்தியது நாங்கள்

முதல் வாரம் நாய்க்குப் பாடமே இல்லை. எங்களுக்குத்தான். நான் "உட்கார்" என்பேன், அம்மா "ஒக்காரு" என்பார்கள், பையன் "சிட்" என்பான். மூன்று பேருக்கும் மூன்று சொல் இருந்தால் நாய் எதைக் கற்கும்? வீட்டில் எல்லோரும் பேசி ஒரே சொல்லை முடிவு செய்து சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதினோம்.

அதிலும் ஒரு சிக்கல். படு, இரு, விடு என்று எழுதியிருந்தேன். சித்தப்பா பார்த்துச் சிரித்தார். "மூணும் ஒரே மாதிரி முடியுது. நாய் சத்தத்தத்தான் கேக்கும், அர்த்தத்த இல்ல." பிறகு மாற்றினோம்: உட்கார், படு, நில், வா, பக்கம், வேணாம். இதில் 'நில்' என்றால், நான் திரும்பி வரும்வரை இருக்கிற நிலையிலேயே இரு என்று பொருள்.

அடுத்தது நேரம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், காலையும் மாலையும், சாப்பாட்டுக்கு முன். வெயில் ஏறிய பிறகு வேண்டாம். கூலி என்று ஒன்று வேண்டும். அவித்த கோழி ஈரலை விரல் நகம் அளவு நறுக்கி வைத்துக்கொண்டோம். அவித்த முட்டை, தேங்காய்ச் சில்லும் ஆகும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு. அந்தப் பக்கமே போகக் கூடாது.

சரியாகச் செய்த அந்த நொடியில் "சபாஷ்" என்று சொல்ல வேண்டும்; உடனே ஈரல். பத்து நொடி கழித்துக் கொடுத்தால் இடையில் காதைச் சொறிந்ததற்குக் கூலி கிடைத்தது என்று நாய் எடுத்துக்கொள்ளும்.

ஒவ்வொன்றாகப் பழக்கியது

உட்கார்: ஈரலை மூக்குக்கு நேரே காட்டி மெல்ல தலைக்கு மேல் பின்னால் கொண்டுபோனால் தலை நிமிரும், பின்பகுதி தானாகத் தரையில் படியும். முதுகை அழுத்த வேண்டியதே இல்லை. இரண்டு நாள் வெறும் கையசைவு. நாய் செய்ய ஆரம்பித்த பிறகுதான் சொல். சொல்லை ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். "ஒக்காரு ஒக்காரு ஒக்காரு" என்றால், மூன்றாவது தடவைதான் உட்கார வேண்டும் என்று அது கற்றுக்கொள்ளும்.

படு: உட்கார்ந்த நிலையில் ஈரலை மூக்கிலிருந்து முன்னங்கால்களுக்கு நடுவே தரைக்கு இறக்க வேண்டும்.

நில்: இதில்தான் நான் அவசரப்பட்டேன். காத்திருக்கும் நேரம், நமக்கும் நாய்க்கும் உள்ள தூரம், சுற்றியுள்ள தொந்தரவு என்று மூன்று படிகள் உண்டு. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் கூட்ட வேண்டும். ஐந்து நொடி, பத்து நொடி, அரை நிமிடம் என்று பக்கத்திலேயே நின்று ஏற்றிவிட்டு, அப்புறம்தான் இரண்டு எட்டு தள்ளிப் போக வேண்டும். எழுந்துவிட்டால் திட்டாமல் அதே இடத்தில் மறுபடி படுக்க வைத்து, நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். முடிக்கும்போது நாம் நாயிடம் போய்க் கூலி கொடுக்க வேண்டும். தொடக்கத்திலேயே தூரத்திலிருந்து "வா" என்று கூப்பிட்டு முடித்தால், எப்போது கூப்பிடுவார் என்று எழுந்திருக்கத் தயாராகவே இருக்கும்.

வா: நான் கெடுத்து வைத்திருந்த பாடம் இது. அந்தச் சொல்லைக் கேட்டாலே செவலை காதை மடக்கிக்கொண்டு ஒதுங்கும். கழுத்துப் பட்டையில் பத்து மீட்டர் நூல் கயிறு கட்டித் தரையில் இழுபட விட்டோம். கூப்பிட்டு வந்தால் ஈரல், தடவல், மறுபடியும் விளையாட விடுதல். கூப்பிட்டுக் கட்டிப்போடுவது, கூப்பிட்டுக் குளிப்பாட்டுவது இரண்டையும் நிறுத்தினோம். அதற்கு நாமே நடந்து போக வேண்டும். அந்தப் பழைய பயம் போக இரண்டு மாதம் ஆனது. ஒரு நாள் அடித்த அடிக்கு இரண்டு மாத வேலை.

பக்கம்: வரப்பில் நாய்க்கும் ஆளுக்கும் பக்கத்தில் பக்கத்தில் நடக்க இடம் கிடையாது; அது பின்னால்தான் வரும். அதனால் களத்தில் வைத்து இடது பக்கம் பழக்கினோம். கயிறு இறுகினால் நான் நின்றுவிடுவேன், தளர்ந்தால் நடப்பேன். இழுத்தால் ஒரு எட்டுகூட முன்னேற முடியாது என்று அதுவே புரிந்துகொண்டது.

வேணாம்: மூடிய கையில் ஈரல். முட்டும், நக்கும், பிறாண்டும். விலகி நம் முகத்தைப் பார்த்த நொடி "சபாஷ்". இன்னொரு கையிலிருந்து ஈரல். கையில் பழகியதும் தரையில் வைத்து, அப்புறம் வலைக்குப் பின்னால் கோழி, அப்புறம் ஐம்பது மீட்டர் தூரத்தில் எங்கள் சொந்த வெள்ளாடு என்று கொண்டுபோனோம். ஆட்டைப் பார்த்து உடம்பு விறைத்தால் பத்து மீட்டர் பின்வாங்குவோம். ஒரு வாரம் கழித்து அஞ்சு மீட்டர் முன்னேறுவோம்.

நம் நாட்டு நாய்களுக்கு ஓடுகிறதைத் துரத்துவது பிறவிக் குணம். சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் பார்வையால் துரத்தி முயல் பிடிக்க வளர்த்த இனங்கள். அந்தக் குணத்தை அழிக்க முடியாது. நம் சொல்லுக்குள் கொண்டுவரத்தான் முடியும்.

இன்னொன்றையும் பார்த்தேன். களத்தில் கச்சிதமாகப் படுக்கும் செவலை, டீக்கடை முன்னால் எதுவுமே தெரியாதது போல நின்றது. இடம் மாறினால் பாடமும் புதிது. ஆற்றங்கரை, பேருந்து நிறுத்தம், நெல் கொள்முதல் செய்யும் இடம் என்று பத்து இடத்தில் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தோம்.

போட்டி நாள்

எட்டு மாதம் கழித்துப் பக்கத்து நகரத்தில் ஒரு நாய்க் கண்காட்சி. கீழ்ப்படிதல் பிரிவில் நாட்டு நாய்க்கும் இடம் உண்டு என்றார்கள். களத்துக்குள் தீனி கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அதனால் ஒரு மாதம் முன்பே ஈரலைக் குறைத்தோம். மூன்று தடவைக்கு ஒரு முறை, ஐந்து தடவைக்கு ஒரு முறை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தோம். எப்போது கிடைக்கும் என்று தெரியாதபோது நாய் இன்னும் கவனமாகச் செய்கிறது. கடைசி வாரம் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அன்று அரை வயிறு சாப்பாடு; சீக்கிரமே போய் நிழல் பார்த்து, தண்ணீர் வைத்து, இடத்தை மோந்து பார்க்க விட்டோம்.

நடந்தது, நின்றது, கூப்பிட்டதும் வந்தது. படுத்திருக்கும் பயிற்சியில் ஒலிபெருக்கி 'கிரீச்' என்றதும் எழுந்துவிட்டது. ஒன்பது நாயில் ஆறாவது இடம். ஒலிபெருக்கிச் சத்தத்தை நாங்கள் ஒரு நாளும் பழக்கவில்லை, தப்பு எங்களுடையது. கோபம் வரவில்லை. திரும்பும் வழியில் மிச்ச ஈரல் முழுவதையும் அதற்கே கொடுத்தான் பையன்.

மறுபடியும் பங்குனி

இந்த வருடம் பங்குனியில் கீதாரி பக்கத்து ஊருக்கு வந்திருப்பதாகத் தெரிந்தது. செவலையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போனேன். தூரத்திலேயே தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். நூறு மீட்டரில் படுக்க வைத்தேன். மந்தை அதன் எதிரே மேய்ந்து கடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒரு ராத்திரி போட்டுப் பாக்குறேன்" என்றார்.

அந்தச் சாயங்காலம் ஆடுகள் வயலில் இறங்கும்போது செவலை வரப்பில் படுத்திருந்தது. கயிறு என் கையில். ஒரு குட்டி தாயைத் தேடி அதன் மூக்குக்கு நேரே துள்ளி ஓடியது. செவலை எழுந்தது. ஒரு எட்டு வைத்தது. "நில்" என்றேன், ஒரே தடவை. நின்றது. உடம்பு நடுங்கியது, ஆனால் நின்றது. திரும்பி என் முகத்தைப் பார்த்தது. "சபாஷ்" சொல்லும்போது எனக்குக் குரல் சரியாக வரவில்லை.

கிடை நான்கு ராத்திரி நின்றது. ஆனால் நான்கு ராத்திரியும் செவலையைக் கொட்டகையில்தான் கட்டியிருந்தேன். நாம் தூங்கும்போது யார் "நில்" சொல்வது? பழகிய நாயும் நாய்தான்.

நாய் பழக்க நினைக்கும் உழவர்களுக்குச் சில சொற்கள்:

- முதலில் அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் கணக்கில் வருடா வருடம் போட வேண்டும். குடற்புழு நீக்கமும் அவசியம்.
- எட்டு வாரக் குட்டியிலேயே தொடங்கலாம். வளர்ந்த நாயும் கற்கும். செவலைக்கு அப்போது இரண்டு வயது.
- சரியாக வராத நாளில் அது நன்றாகச் செய்யும் எளிய வேலை ஒன்றைச் செய்ய வைத்துப் பாடத்தை முடியுங்கள்.
- திடீரென்று அடங்காமல் போனால் அடிக்கும் முன் உடம்பைப் பாருங்கள். காதில் உண்ணி, காலில் முள் இருக்கலாம்.
- கயிறு இல்லாமல் ஆடு மாட்டுக்கு நடுவே விட அவசரப்படாதீர்கள்.

கிளம்பும் நாளில் கீதாரி செவலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அடுத்த வருசமும் இது இப்புடியே இருக்கணும் தம்பி" என்றார். அதனால் காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம் இன்றும் தொடர்கிறது. இப்போது ஒலிபெருக்கியும் சேர்ந்திருக்கிறது.