சிறகின் மேல் சின்னத் தகடுகள்

போயிங் 737 விமானங்கள் பலவற்றில் சிறகின் மேற்பரப்பில் சின்னத் தகடுகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். இதெல்லாம் என்னத்துக்கு?

சிறகை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றை எல்லைப்படலம் என்பர். உராய்வினால் அது களைத்துப்போகும். சிறகின் பின்பாதியில் ஏறும் அழுத்தத்தை எதிர்த்துப் போக ஏலாமல் பரப்பை விட்டுப் பிரியும். விமானம் மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால் பிரிவு முன்னோக்கிப் பரவும். தூக்குவிசை சட்டென விழும். நிலத்துக்குக் கிட்டத்திலென்றால் மீள அவகாசம் இருக்காது.

தகடுகள் காற்றோட்டத்துக்குச் சற்றுச் சாய்வாக நிற்பவை. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சுழல் பிறக்கும். மேலே வேகமாய் ஓடும் காற்றைக் கீழே இழுத்துக் களைத்த படலத்தோடு அது கலக்கும். பலம் பெற்ற படலம் இன்னுங்கொஞ்சத் தூரம் ஒட்டியே ஓடும்.

1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவான உபாயம் இது. தகடுகளால் காற்றுத்தடை சிறிது கூடத்தான் செய்யும். அந்தச் சின்ன நட்டத்தைப் பொறுத்துத்தான் பெரிய விழுகையைத் தவிர்க்கிறார்கள்.