இணையவழிக் கிதார்ப் பயிற்சி: வளர்ச்சியும் வழிமுறையும்

கலைகள் யாவற்றினும் இசை எளிதில் உள்ளத்தைத் தொடுவது. ஆயினும் கைவரப் பெறுதற்கு அரியது. கேட்பார்க்கு இன்பமாய் அமைவது, மீட்டுவார்க்கு நெடுநாள் உழைப்பாய் அமைகிறது. முன்னாளில் இசை கற்க விழைந்தோர் ஆசானைத் தேடிச் சென்றனர். இன்றோ ஆசானே கைப்பேசித் திரையில் வந்து நிற்கிறார். எவ்வூரில் எவ்வேளையில் வேண்டினும் பாடம் கிடைக்கிறது, கட்டணமின்றியும் கிடைக்கிறது. இத்துணை வாய்ப்பிருந்தும் தொடங்கியோருள் பலர் இடைவழியில் நின்றுவிடுகின்றனர். அமெரிக்கக் கிதார் நிறுவனமான ஃபென்டரின் தலைமைப் பொறுப்பை 2015இல் ஏற்ற ஆண்டி மூனி, புதிதாகத் தொடங்குவோருள் 90 விழுக்காட்டினர் முதலாண்டிற்குள்ளேயே கிதாரைக் கைவிடுவதாகக் கூறியிருக்கிறார். அவர்கள் கருவியைக் கைவிடுவதோடு அமைவதில்லை. "நமக்கு இசை வராது" என்ற தீர்ப்பையும் தமக்குத் தாமே எழுதிக்கொள்கின்றனர். அத்தீர்ப்பு பெரும்பாலும் பிழையானது. கற்கும் முறையில் உள்ள குறையைத் திறமையின் குறையாக எண்ணுவதால் வருவது. அம்முறையினை இக்கட்டுரையில் காண்போம்.

கருவி வந்த வழி

கிதார் என்னும் பெயர் 'கிதாரா' என்ற கிரேக்கச் சொல்லோடும் 'கீத்தாரா' என்ற அரபுச் சொல்லோடும் உறவுடையது. அதன் வளர்ச்சிக்குக் களமாக அமைந்தது ஸ்பெயின். பக்தாதிலிருந்து மேற்கு நோக்கிப் பயணம் செய்து 822இல் அந்தலூசியாவை அடைந்த இசைவாணர் ஸிர்யாப், ஊத் என்னும் அரபு நரம்புக் கருவிக்கு ஐந்தாம் நரம்பினைச் சேர்த்தார் என்பது வழிவழிச் செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தோனியோ தெ தோர்ரெஸ் (1817–1892) என்னும் கைவினைஞர் கிதாரின் உடற்பகுதியைப் பெரிதாக்கி, உள்ளே விசிறி போன்ற மரத்தாங்கிகளை அமைத்து, இன்று நாம் காணும் வடிவினைத் தந்தார். பல பண்பாடுகளின் கை பட்டு வளர்ந்த கருவி இது.

ஆசான் அருகிலில்லாக் கல்வி

தொலைவிலிருந்து கிதார் கற்கும் வழக்கம் இணையத்தோடு பிறந்ததன்று. 1957இல் இங்கிலாந்தில் பெர்ட் வீடன் வெளியிட்ட 'பிளே இன் எ டே' என்னும் சிறு நூலைக் கொண்டு ஒரு தலைமுறையே கிதார் பயின்றது. எரிக் கிளாப்டன், பால் மக்கார்ட்னி போன்றோரும் அதனைப் புரட்டியவர்களே. ஸ்பானிய மேதை ஆந்த்ரெஸ் செகோவியா (1893–1987) பெரும்பாலும் தாமே கற்றுத் தேர்ந்தவர். நம் இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்றதோடு, கடல் கடந்த லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிதார்த் தேர்வில் தங்கப் பதக்கமும் பெற்றவர்.

ஆஸ்திரேலியரான ஜஸ்டின் சாண்டர்கோ 2003இல் தம் பாடங்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கினார். 2005இல் யூடியூப் தோன்றியபின் இத்தகு பாடங்கள் எண்ணிலவாய்ப் பெருகின. 2017இல் ஃபென்டர் நிறுவனமும் தன் இணையப் பயிற்சியைத் தொடங்கிற்று. ஆகவே பாடம் கிடைக்கவில்லை என்ற குறை இன்றில்லை. கிடைத்த பாடம் கையில் இறங்குவது எவ்வாறு என்பதே நம் முன்னுள்ள வினா.

காண்பதும் கைவருவதும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பர் நம் முன்னோர். திரைச் சுரைக்காயும் அத்தகையதே. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மைக்கேல் கார்டஸ், எட் ஓ'பிரையன் ஆகிய இருவரும் 2018இல் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். அம்பெறிதல் போன்ற திறன்களைக் காட்டும் காணொளியைச் சிலர் ஒருமுறையும் சிலர் இருபது முறையும் கண்டனர். இருபது முறை கண்டோர், தாம் நன்கு செய்வோம் என மிகுதியாக நம்பினர். ஆனால் செய்து பார்க்கையில் ஒருமுறை கண்டோரைவிட அவர்கள் மேம்பட்டிருக்கவில்லை. காணுந்தோறும் நம்பிக்கை வளர்கிறது; கை வளர்வதில்லை.

இணையவழி கற்போரை இடறி விழச் செய்யும் முதற்கல் இதுவே. ஓர் இரவில் ஆறு பாடங்களைக் கண்டு முடித்தவர், தாம் ஆறு பாடங்களைக் கற்றதாக எண்ணுகிறார். மறுநாள் கருவியைத் தொட்டதும் விரல் தடுமாறுகிறது, மனம் சோர்கிறது. இதற்கு மாற்று எளிது. கருவியை மடியில் வைத்துக்கொண்டே பாடத்தைக் காணுதல் வேண்டும். பத்து நிமிடப் பாடத்திற்கு முப்பது நிமிடப் பயிற்சி என்பதை நமக்கு நாமே விதியாக்கிக்கொள்ளலாம். சுருதி மாறாமல் காணொளியின் விரைவைப் பாதியாகக் குறைக்கும் வசதி இருப்பதால், ஆசானின் விரலசைவை நின்று நோக்கவும் இயலும்.

முதலில் கருவியைச் சோதித்தல்

கற்போரின் குறையெனத் தோன்றுவது சிலபோது கருவியின் குறையாக இருக்கும். தந்திகள் விரற்பலகையிலிருந்து மிக உயர்ந்து நின்றால் எவராலும் எளிதில் அழுத்த இயலாது. எஃகுத் தந்திக் கிதாரில், பன்னிரண்டாம் மெட்டின் மேல் தந்தியின் உயரம் ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவில் இருப்பது நன்று. அதனினும் மிகுந்தால் கருவி செப்பனிடுவோரிடம் காட்டுதல் வேண்டும். விரல்நுனி மென்மையானோர் நைலான் தந்திக் கிதாரில் தொடங்கலாம்.

வீணையில் மெட்டு என நாம் வழங்குவதே கிதாரில் ஃபிரெட் எனப்படுகிறது. பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நீளத்தைச் சரிபாதியாகப் பகுக்கிறது. ஆதலின் அங்கு எழும் ஒலி மேல் தாயிச் சுரமாக ஒலிக்கிறது. விரலை மெட்டிற்குச் சற்றுப் பின்னே, அதனை ஒட்டி வைத்தால் சிறிய அழுத்தத்திலேயே ஒலி தெளிவாக எழும்; இரு மெட்டுகளின் நடுவில் வைத்தால் மிகுந்த வலிமை வேண்டும், ஒலியும் அதிரும். முதன்மாதத்து வலியிற் பாதி இந்நுட்பம் அறியாமையால் வருவதே.

நாள்தோறும் சுருதி சேர்த்த பின்னரே தொடங்குதல் வேண்டும். தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்பது முறை. ஏ தந்தி நொடிக்கு 110 அதிர்வுகள் உடையது. சுருதி பிசகிய கருவியில் விரல் சரியாக அமர்ந்தாலும் ஒலி பிழையாகவே கேட்கும். கற்பவர் தம்மையே நொந்துகொள்வார். சுருதி காட்டும் செயலிகள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன.

படங்களைப் படிப்பதிலும் ஒரு மயக்கம் உண்டு. கார்டு எனப்படும் சுரக்கூட்டினைக் காட்டும் கட்டப்படத்தில் இடக்கோடியில் நிற்பது தடித்த தந்தி. டேப் எனப்படும் ஆறுகோட்டுக் குறிப்பிலோ மேற்கோடு மெல்லிய தந்தியைக் குறிக்கிறது. இவ்விரண்டினையும் முதல் நாளிலேயே தெளிந்துகொள்வது பின்னர் வரும் குழப்பத்தைத் தவிர்க்கும்.

அளந்தறியும் வளர்ச்சி

வகுப்பில் ஆசிரியர் மதிப்பெண் இடுகிறார். இணையவழியில் நம்மை நாமே அளக்க வேண்டியுள்ளது. அளவின்றேல் வளர்ச்சி நிகழ்ந்தும் கண்ணுக்குப் புலனாவதில்லை. சாண்டர்கோ பரப்பிய ஒரு நிமிட மாற்றம் என்னும் பயிற்சி இதற்கு மிகவும் உதவுவது. இரு கார்டுகளை எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எத்தனை முறை மாற இயல்கிறது என எண்ணி, நாளிட்டுக் குறித்து வைத்தல் வேண்டும். இலக்கு 60. முதல் நாள் 12 எனக் குறித்தவர் இரு வாரம் கழித்து 25 எனக் குறிக்கும்போது, எவரும் சொல்லாமலே தம் வளர்ச்சியைக் காண்கிறார்.

மாற்றத்தை எளிதாக்கும் நுட்பமும் உண்டு. சி மேஜரிலிருந்து ஏ மைனருக்குச் செல்கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மோதிர விரல் மட்டுமே இடம்பெயர்கிறது. ஏ மைனரிலிருந்து ஈ மேஜருக்குச் செல்கையில் விரல்களின் வடிவம் மாறுவதில்லை. ஒவ்வொரு விரலும் அடுத்த தடித்த தந்திக்கு நகர்கிறது. இத்தகு ஒற்றுமைகளைக் கண்டறிந்து பயில்வோர் மனத்தால் பாதி வேலையை முடித்துவிடுகின்றனர்.

தாளத்திற்கு அளவுகோல் மெட்ரோனோம். 1815இல் மெல்ட்ஸெல் காப்புரிமை பெற்ற அக்கருவி இன்று செயலியாகவும் கிடைக்கிறது. நிமிடத்திற்கு 60 தட்டில் தொடங்கி, பிழையின்றி மும்முறை மீட்டிய பின்னரே 64க்கு ஏறுதல் வேண்டும். இவ்வாறு நான்கு நான்காக ஏறினால் பத்தே படிகளில் 100ஐ எட்டலாம். பிழையோடு விரைந்து மீட்டினால் விரல் அப்பிழையையே கற்றுக்கொள்ளும்; பின்னர் அதனை மறக்கடிப்பது கற்பதினும் கடினம்.

நாள்தோறும் அரைமணி

ஞாயிறன்று மூன்றரை மணி நேரம் பயில்வதினும், நாள்தோறும் அரைமணி பயில்வதே சிறந்தது. பகுத்துப் பயின்றது நெடுநாள் நிலைக்கும் என்பதை எபிங்ஹாஸ் என்னும் செருமானிய அறிஞர் 1885இலேயே நினைவாற்றல் ஆய்வால் காட்டினார். 1993இல் எரிக்சனும் அவர்தம் துணைவரும் பெர்லின் நகரத்து வயலின் மாணவரை ஆராய்ந்து, குறையை நோக்கிக் குறிவைத்துச் செய்யும் பயிற்சியின் இன்றியமையாமையை நிறுவினர். தெரிந்ததையே மீண்டும் மீண்டும் மீட்டுவது இன்பந்தரும். வளர்ச்சி தருவது தெரியாத இடத்தில் நின்று உழைப்பதே.

அரைமணியை இவ்வாறு பகுக்கலாம். சுருதி சேர்த்தலும் விரல் தளர்த்தலும் மூன்று நிமிடம். கார்டு மாற்றம் ஐந்து நிமிடம். புதுப்பாடம் ஏழு நிமிடம். ஒரு முழுப்பாடல் பத்து நிமிடம். கேட்ட மெட்டினைத் தந்தியில் தேடிக் கண்டறியும் செவிப்பயிற்சி ஐந்து நிமிடம். பாடலுக்கு மிகுதியான நேரம் ஒதுக்கியமைக்குக் காரணம் உண்டு. பயிற்சிகளை மட்டும் செய்வோர் ஆறு திங்களாகியும் பிறர்முன் மீட்ட ஒன்றுமின்றி நிற்கின்றனர். இரண்டே கார்டுகள் கொண்ட எளிய பாடலாயினும், தொடக்கம் முதல் இறுதி வரை தடையின்றி மீட்டி முடிப்பது தனிப்பெரும் ஊக்கமாகும்.

திருத்துவார் யார்?

இணையப் பாடத்தின் பெருங்குறை, ஆசானை நாம் காண்கிறோம். அவர் நம்மைக் காண்பதில்லை என்பதே. மணிக்கட்டு மிகையாக வளைவதையும் தோள் இறுகுவதையும் திரை திருத்தாது. விரல்நுனியின் எரிச்சல் சில வாரங்களில் தோல் தடிக்க நீங்கிவிடும், அஃது இயல்பு. மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி தோன்றுமாயின் உடனே நிறுத்துதல் வேண்டும். இவ்வேறுபாட்டினை அறியாமல் வலியைப் பொறுத்துப் பயில்வது தீங்கு.

இக்குறைக்கு மூன்று மாற்றுகள் உண்டு. முதலாவது, வாரம் ஒருமுறை நம் மீட்டலைக் கைப்பேசியில் பதிந்து ஆசானின் காணொளியோடு ஒப்பிடுதல். மீட்டும்போது கேளாத பிழைகள் பதிவில் தெளிவாகக் கேட்கும். இரண்டாவது, திங்களுக்கு ஒருமுறையேனும் அறிந்தார் ஒருவர்முன் மீட்டிக் காட்டுதல். நேரலை வகுப்பும் உதவும். ஆயினும் ஒலி சற்றுத் தாமதித்துச் சேர்வதால் ஆசானும் மாணவரும் ஒருங்கே மீட்டல் அரிது, மாறி மாறியே மீட்ட இயலும். மூன்றாவது, தேர்வு. டிரினிட்டி முதலான அமைப்புகள் எட்டுப் படிநிலைகளில் தேர்வு நடத்துகின்றன. 2020 முதல் காணொளி அனுப்பித் தேர்வெழுதவும் டிரினிட்டி வழி செய்தது. சான்றிதழினும் அதற்கென ஒரு நாள் குறிக்கப்படுவதே பெரும்பயன்.

தேக்கம் என்னும் வாயில்

மூன்றாம் திங்களளவில் பெரும்பாலோர்க்கு ஒரு தேக்கம் வருகிறது. எஃப் மேஜர் என்னும் கார்டு அதற்குப் பெயர்பெற்றது. ஆள்காட்டி விரலொன்றே ஆறு தந்திகளையும் முதல் மெட்டில் அழுத்த வேண்டியிருப்பதால் பலர் இங்கே கருவியை வைத்துவிடுகின்றனர். அதே விரலமைப்பை ஐந்தாம் மெட்டில் வைத்தால் ஏ மேஜர் பிறக்கும். அங்கு அழுத்துவதும் எளிது. அவ்விடத்தில் பழகி, ஒவ்வொரு மெட்டாகக் கீழிறங்கி வந்தால் சில வாரங்களில் எஃப் வசமாகும். சுவரெனத் தோன்றியது வாயிலாகிவிடும்.

தேக்கம் வரும்போது புதிய ஆசானைத் தேடி ஒரு காணொளியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதே இணையவழிக் கல்வியின் தனிநோய். ஒவ்வோர் ஆசானும் முதற்பாடத்திலிருந்தே தொடங்குவதால், பத்து ஆசான்களிடம் முதற்பாடம் கற்றவராகவே நாம் நின்றுவிடுவோம். ஒரு பாடத்திட்டத்தைத் தெரிந்து, ஆறு திங்களேனும் அதனையே பற்றி நிற்றல் வேண்டும்.

நிறைவாக

இல்லத்தில் பிள்ளையொருவன் ஒரே அடியை நூறு முறை மீட்டுவது பெரியோர் செவிக்குத் தொல்லையாகத் தோன்றலாம். அந்நூறு முறையும் ஓர் இளைஞன் தன் பிழையைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ளும் கல்வி என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் நலம். மாணவர்க்கு நாம் கூற விழைவது இது. பாடங்களைக் குறைத்துப் பயிற்சியைப் பெருக்குங்கள். ஏடொன்றில் நாளும் எண்ணும் குறியுங்கள். ஓராண்டு முடியுமுன் உங்களைப் பற்றி நீங்களே தீர்ப்பெழுதாதீர்கள். இந்நெறி கிதாருக்கு மட்டும் உரியதன்று. மொழி, கணிதம், கணிப்பொறி என எதனைத் திரைவழி கற்பினும் இதுவே துணையாகும்.