நியூயார்க் ஓரம் கட்டிய ஆளுக்கு பெய்ஜிங் ஏன் சிலை வச்சது?

ஒரு வெளிநாட்டு பிளேயர் இன்னும் ஆடிக்கிட்டு இருக்கும்போதே, அவருக்கு ஸ்டேடியம் வாசல்ல சிலை வச்ச ஊர் ஒண்ணு இருக்கு. விளையாட்டு பாஸ்கெட்பால். ஊர் பெய்ஜிங். ஆள், ஸ்டெஃபான் மார்பரி.

யார் இவர்? நியூயார்க்ல கோனி ஐலண்ட் பகுதியில வளர்ந்த பையன். 1996 என்.பி.ஏ. டிராஃப்ட்ல நாலாவதா தேர்வானார். ரெண்டு தடவை ஆல்-ஸ்டார். 2004-ல சொந்த ஊர் டீமான நியூயார்க் நிக்ஸுக்கே வந்து சேர்ந்தார். இதுக்கு மேல என்ன வேணும்னு தோணுதுல்ல?

ஆனா அங்கதான் எல்லாம் சரிஞ்சது. டீம் தோத்துக்கிட்டே இருந்தது. கோச்சுகளோட ஒத்துப்போகலை. 2007 டிசம்பர்ல அப்பா இறந்துட்டார். 2008-09 சீசன்ல கோடிக்கணக்குல சம்பளம் வந்தது, ஆனா நிக்ஸ் அவரைக் களத்துல இறக்கவே இல்லை. மனசு உடைஞ்சு, செத்துப் போயிடலாமான்னுகூட யோசிச்சதா பின்னாடி அவரே வெளிப்படையா பேசியிருக்கார்.

2010-ல சீனாவுக்கு ஃபிளைட் ஏறினார். முதல்ல போனது பெய்ஜிங்குக்கு இல்லை. ஷான்சி மாகாணத்து டீமுக்கு.

இங்க ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். சீன லீக்ல அப்போ பெரும்பாலான டீமுக்கு ரெண்டே ரெண்டு வெளிநாட்டு பிளேயர்தான். இவங்களை 'இம்போர்ட்'னு சொல்வாங்க. ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு சீசனுக்குத்தான். பாயிண்ட்ஸ் குவிக்கணும், டீமை ஜெயிக்க வைக்கணும். இல்லைன்னா அடுத்த வருஷம் அந்த இடத்துக்கு வேற ஆள். மார்பரிக்கும் சலுகை எதுவும் கிடைக்கலை. ஷான்சியில ஒரு சீசன், ஃபோஷான்ல ஒரு சீசன், அவ்வளவுதான். 2011-ல, 34 வயசுல, மூணாவது டீமா பெய்ஜிங் டக்ஸ்ல சேர்ந்தார்.

அதுவரைக்கும் லீக் கோப்பையையே தொடாத டீம் அது. 2012 ஃபைனல்ல எதிர்ல நின்னது குவாங்டாங். அதுக்கு முந்தைய எட்டு சீசன்ல ஏழு கோப்பை அவங்களுக்குத்தான். பெய்ஜிங் 4-1ன்னு தொடரை ஜெயிச்சது. அப்புறம் 2014, 2015-லயும் கோப்பை!

கோப்பை மட்டும்தான் காரணமா? இல்லை. அமெரிக்காவுல 'சுயநலமா ஆடுறவர்'னு பேர் வாங்கின மனுஷன், இங்க சீன சக வீரர்களுக்கு அண்ணன் மாதிரி ஆனார். எல்லாரையும் போல மெட்ரோ ரயில்ல போனார். ரசிகர்கள் அவருக்கு 'கமிஸார் மா'ன்னு செல்லப் பேர் வச்சாங்க. கமிஸார்னா, படையில வீரர்களோட மன உறுதியைப் பார்த்துக்கிற அதிகாரி. வெளிநாட்டுக்காரங்களுக்கு அவ்வளவு சுலபமா கிடைக்காத நிரந்தரமாத் தங்கும் உரிமையையும் சீனா அவருக்குக் கொடுத்தது.

ஆனா கதை இதோட முடியலை. 2017-ல அவருக்கு 40 வயசு. இன்னும் ஒரு வருஷம் ஆடணும்னு ஆசைப்பட்டார். பெய்ஜிங் டக்ஸ் பிளேயர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலை. சிலை வச்ச டீம்தான், ஆனா இம்போர்ட் கணக்கு மாறலை. அவர் அதே ஊர்ல இருந்த இன்னொரு டீமான ஃபிளை டிராகன்ஸுக்குப் போய், 2018 பிப்ரவரியில ஓய்வு பெற்றார். அதுக்கப்புறமும் பெய்ஜிங்கை விடலை. அங்கேயே ஒரு டீமுக்கு கோச் ஆனார்.

வெளிநாட்டு லீக்குக்குப் போறவங்களைப் பார்த்து 'கதை முடிஞ்சது'ன்னு சொல்றது ரொம்ப ஈஸி. மார்பரி தன்னோட முதல் சாம்பியன்ஷிப்பை ஜெயிச்சது, அப்படிச் சொன்னதுக்கு அப்புறம்தான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!