மாப்பிள்ளைக்குக் கொம்பு உண்டு! வால் உண்டு!

மாப்பிள்ளையின் நிறம் நீலம். தலையில் கொம்பு. பின்னால் வால். ஊரோ பூமியிலேயே இல்லை. பனி மூடிய ஒரு தூரத்துக் கிரகம்!

இப்படி ஒரு வரன் வந்தால் எந்தப் பெண் தலையாட்டுவாள்?

ஆனால், அமெரிக்காவில் பெண்கள் இந்தக் கதையைத் தேடித் தேடிப் படிக்கிறார்கள். ரூபி டிக்சன் என்ற ஆசிரியை 2015-ல் இதைத் தாமே வெளியிட்டார். வாசகிகள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே அது பரவியது. 2021-ல் பெரிய பதிப்பகம் ஒன்று அதை அச்சுப் புத்தகமாகக் கொண்டுவந்தது. இப்போது இந்த வரிசையில் இருபதுக்கும் மேற்பட்ட கதைகள் இருக்கின்றன. எல்லாம் வயது வந்தவர்களுக்கான கதைகள்.

நெஞ்சுக்குள் தரகர்

பூமியிலிருந்து கடத்தப்பட்ட பெண்கள் அந்தப் பனிக் கிரகத்தில் விழுகிறார்கள். அங்குள்ள காற்று மனிதருக்கு விஷம். பிழைக்க வேண்டுமானால், "குய்" என்னும் சிறிய உயிர் ஒன்றை நெஞ்சுக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தகுந்த துணையைக் கண்டதும் அந்த உயிர் நெஞ்சுக்குள் அதிரும்! ஜாதகம் பார்ப்பதும் அதுதான். பொருத்தம் சொல்வதும் அதுதான்.

கதாநாயகி ஜார்ஜிக்கும் கொம்புள்ள வெக்டாலுக்கும் முதலில் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரிவதில்லை. சைகைதான் பாஷை!

செவ்வாயில் பெண் எடுத்தவன்

இந்தக் கற்பனை புதிதல்ல. 1912-ல் எட்கர் ரைஸ் பர்ரோஸ் என்ற அமெரிக்கரின் தொடர்கதை ஒன்று வெளிவந்தது. அதன் கதாநாயகன் ஜான் கார்ட்டர் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிறான். டேஜா தோரிஸ் என்ற இளவரசியைக் காதலிக்கிறான். அவளுக்காகச் சண்டை போட்டு ஜெயித்துவிட்டு, "என் இளவரசி" என்கிறான்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏன்? அந்த ஊர் வழக்கப்படி, அப்படி அழைப்பவன் அவளை முறையாக மணம் கேட்க வேண்டும். வழக்கம் தெரியாத கார்ட்டர் கேட்கவில்லை. அவமானப்படுத்திவிட்டான் என்று அவள் நினைத்தாள்.

பிறகு சமாதானம் ஆகிறது. கல்யாணமும் நடக்கிறது. அவள் பிள்ளை பெறவில்லை, முட்டை இட்டாள்!

லலிதாவின் ரகசியம்

பிலிப் ஹோசே ஃபார்மர் என்பவர் "காதலர்கள்" என்ற கதையை எழுதினார். பெயர்பெற்ற இரண்டு பத்திரிகை ஆசிரியர்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1952-ல் மூன்றாவது பத்திரிகை துணிந்து வெளியிட்டது. மறு வருஷமே, புதிய எழுத்தாளருக்கான ஹ்யூகோ பரிசு ஃபார்மருக்குக் கிடைத்தது.

கதாநாயகன் ஹால். வேற்றுக் கிரகத்தில் ஜானெட் என்ற பெண்ணைக் காதலித்து, தன் வீட்டில் ஒளித்து வைக்கிறான். பார்வைக்கு அவள் மனுஷிதான். உண்மையில் பூச்சி வம்சத்திலிருந்து வந்தவள். அந்த இனத்தின் பெயர் என்ன தெரியுமா? "லலிதா"! நம் வீட்டுப் பெண்ணின் பெயர் அங்கே ஓர் இனத்துக்கே பெயர்.

ஜானெட் தினமும் மது அருந்துவாள். கெட்ட பழக்கம் என்று நினைத்தான் ஹால். அவளைத் திருத்த ஆசைப்பட்டான். அவளுக்குத் தெரியாமல் மதுவை எடுத்துவிட்டு, போதையில்லாத பானத்தை வைத்தான்.

அந்த மதுதான் அவள் உயிரைக் காத்து வந்தது! அதைக் குடிக்கும் வரை அவள் கருத்தரிக்க மாட்டாள். கருத்தரித்தால் லலிதா இனத்தில் தாய் பிழைப்பதில்லை. ஜானெட் தாயானாள். மாண்டும் போனாள்.

தான் யார் என்பதை அவள் சொல்லவில்லை. சொன்னால் அவன் போய்விடுவானோ என்று பயம். ஏன் குடிக்கிறாய் என்று அவனும் பொறுமையாகக் கேட்கவில்லை. அன்பு இருந்தது. பேச்சு இல்லை. ஓர் உயிர் போயிற்று.

நடக்குமா?

இதெல்லாம் நிஜத்தில் நடக்குமா? நடக்காது. குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக்கே பெரும்பாலும் குட்டி கிடையாது. இவை ஒரே பூமியில் பிறந்த உறவுக்காரப் பிராணிகள்! அப்படியிருக்க, வேறு கிரகத்து உயிரோடு மனிதருக்குப் பிள்ளை எப்படிப் பிறக்கும்?

இது வாசகிகளுக்கும் தெரியும். தெரிந்தேதான் படிக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவருடன் வாழப் போவது எந்த ஊரிலும் பயம் தரும் காரியம். அந்தப் பயத்துக்குக் கொம்பும் வாலும் வைத்துக் காட்டுகின்றன இந்தக் கதைகள்.

பொருத்தத்தை நெஞ்சில் அதிரும் உயிர் சொல்லலாம். ஜாதகக் கட்டமும் சொல்லலாம். "உனக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்வியை மட்டும் மணந்துகொண்டவர்தான் கேட்க வேண்டும்.

ஹால் அதைக் கேட்டிருந்தால், ஜானெட் பிழைத்திருப்பாள்!