இல்லில் அட்ட கள்: நொதிப்பும் அதிகாரமும்

குடி என்றதும் நமக்குக் கடைதான் ஞாபகம் வருகிறது, வீடு வருவதில்லை. மண்ணாடிப்பட்டுப் பக்கம் வழி கேட்டால்கூடச் சாராயக்கடை, கள்ளுக்கடை, பிராந்திக்கடை என்று அடையாளம் சொல்லி அனுப்புவார்கள். குடி பற்றிய நமது சொல்லாடலும் இரண்டு முனைகளுக்குள்தான் ஊசலாடுகிறது: ஒன்று மதுவிலக்கு, இல்லாவிட்டால் அரசு வருமானம். தனக்கு வேண்டியதைத் தானே வீட்டில் ஊறவைத்து வடித்துக்கொண்ட மரபு இந்த இரண்டுக்கும் வெளியே எப்படிப் போனது என்பதுதான் என் கேள்வி.

பெரும்பாணாற்றுப்படையில் தோப்பி என்றொரு சொல் வருகிறது. நெல்லிலிருந்து வீட்டிலேயே ஆக்கிய கள். அதே பிரதி இன்னோரிடத்தில் செய்முறையையே சொல்லிவிடுகிறது. குத்தித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, அகலவாய்த் தட்டில் ஆறவிட்டு, நெல்முளையைக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு கழித்து, சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிய வேண்டும்.

இன்றைக்கு மேலைநாடுகளில் பொழுதுபோக்காக வீட்டில் பீர் தயாரிக்கிறவர்கள் செய்வதும் ஏறத்தாழ இதுதான். பார்லியை முளைகட்டி, உலர்த்தி, உடைத்தால் மால்ட். முளைவிடும் தானியத்தில் அமிலேஸ் என்ற நொதி பெருகுகிறது. அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். மால்ட்டை 65 டிகிரி சூட்டு நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தருகிறது. ஒன்றிரண்டு வாரம் கழித்து, லிட்டருக்கு ஐந்தாறு கிராம் சர்க்கரையோடு பாட்டிலில் அடைத்தால் உள்ளேயே வாயு பிறந்து நுரை கட்டும். சர்க்கரை கூடிப்போனால் பாட்டில் வெடித்துவிடும், அவ்வளவுதான். ஹாப்ஸையும் அடைத்த பாட்டிலையும் விட்டுப் பார்த்தால், தோப்பி நம் பனங்கள்ளைவிடப் பீருக்குத்தான் நெருங்கிய சொந்தம். பனையில் சர்க்கரை தயாராகவே சொட்டுகிறது. நெல்லில் அதை முளைகட்டி வரவழைக்க வேண்டியிருக்கிறது.

இந்த வேறுபாட்டை விளக்குவதற்குக் காரணம் இருக்கிறது. தானியத்தை நொதிக்கவைத்துக் கிடைப்பது எத்தில் ஆல்கஹால். 2023 மே மாதம் மரக்காணத்தில் பத்துக்கும் மேற்பட்டவர்களையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களையும் கொன்றது மெத்தனால், ஆலைகளுக்கான ரசாயனம். எந்தச் சாடியிலும் அது அந்த அளவுக்கு விளையாது. சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பார்கள். அங்கே நுளைமகள் அரித்துத் தந்த தேறலைப் பாணர்கள் குடித்தார்கள். அதே கடற்கரையில் இப்போது பாக்கெட்டில் விஷம். இரண்டையும் 'கள்ளத்தனமாகத் தயாரித்தது' என்ற ஒரே பெட்டிக்குள் சட்டம் போட்டுவிடுகிறது.

சட்டத்துக்கு உரிமம்தான் அளவுகோல், உடல்நலம் அல்ல. தமிழகத்தில் 1937இல் மதுவிலக்குச் சட்டம் வந்தது. 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003இல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்குப் போனது. விழுப்புரம் மாவட்டத்து வயலில் குற்றமாக இருக்கும் கள், வரப்பைத் தாண்டி மண்ணாடிப்பட்டுக்குள் வந்தால் உரிமம் பெற்ற சரக்கு. உரிமம் இல்லாமல் வீட்டில் ஆக்குவதோ இரண்டு பக்கமும் குற்றம். பிரிட்டன் 1963லேயே வீட்டுப் பீருக்கு உரிமம் தேவையில்லை என்றது. அமெரிக்காவில் 1978இல் சட்டம் வந்தது. இந்தியாவிலும் சில மாநிலங்கள் பழங்குடியினர் தம் வீட்டுத் தேவைக்கு ஆக்கிக்கொள்ள விலக்குத் தருகின்றன. ஆக, இப்படியொரு உரிமையைக் கற்பனை செய்யவே முடியாது என்பதில்லை.

அதற்காகச் சங்கப் பிரதிகளைக் காட்டி ஒரு பொற்காலத்தைக் கட்ட வேண்டாம். அரித்தவள் நுளைமகள், குடித்தவர்கள் பாணர்கள், பாட்டோ புரவலனுக்கு. இன்றைக்குக் கடையை மூடச் சொல்லித் தெருவில் உட்காரும் பெண்களிடம் போய், 'வீட்டிலேயே ஊறப்போடலாம்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. குடத்தைச் சுமப்பதும், அடியை வாங்குவதும் அவர்களாகவே இருக்கும்வரை 'வீடு' என்பது விடுதலை பெற்ற இடமாகிவிடாது. கடைக்கும் தடைக்கும் மாற்றாக வீட்டைச் சொல்கிறவர்கள், அந்த வீட்டில் யார் உழைப்பது, யார் குடிப்பது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விவாதம் அங்கிருந்து தொடங்கட்டும்.