தோல் பராமரிப்புப் பொருட்களால் ஏற்படும் வறட்சி

தோல் பராமரிப்புப் பொருட்களால் ஏற்படும் வறட்சி என்பது, தோலைத் தூய்மையாகவும் பொலிவாகவும் வைத்திருக்கப் பயன்படுத்தப்படும் சோப்பு, பேஸ் வாஷ், சீரம், முகப்பருக் களிம்பு போன்றவையே தோலின் வெளிப்படையைச் சேதப்படுத்துவதால் தோன்றும் வறட்சி, எரிச்சல், அரிப்பு, செதில் உதிர்தல் ஆகியவற்றைக் குறிக்கும். மருத்துவத்தில் இது பெரும்பாலும் உறுத்தலால் ஏற்படும் தொடுகைத் தோலழற்சி என்னும் வகையில் அடங்குகின்றது. ஒவ்வாமையால் வரும் தோலழற்சி குறிப்பிட்ட ஒரு பொருளுக்கு உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு காட்டும் எதிர்வினையாகும். உறுத்தலோ அளவு மிகும்போது எவருக்கும் ஏற்படக்கூடியது. இந்த வறட்சியைப் போக்க மேலும் ஒரு பொருளை வாங்கிப் பூசுவது வழக்கமாக உள்ளது. ஆனால் பயன்படுத்தும் பொருட்களைக் குறைத்து, தோல் தன்னைச் சீர்செய்துகொள்ளக் காலம் அளிப்பதே இதற்கான முதல் தீர்வு ஆகும்.

தோலின் தடுப்பரண்

மனிதத் தோலின் புற அடுக்கு மேற்றோல் எனப்படுகின்றது. அதன் உச்சியில் கொம்புப்படை என்னும் மெல்லிய படை உள்ளது. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர்ந்த பெரும்பாலான இடங்களில் இதன் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கே ஆகும். உடலிலுள்ள நீர் வெளியே ஆவியாகாமலும், வெளியிலுள்ள நுண்ணுயிரிகளும் வேதிப்பொருட்களும் உள்ளே நுழையாமலும் காப்பது இப்படையே.

அமெரிக்கத் தோல் மருத்துவர் பீட்டர் எலையாஸ் இப்படையைச் செங்கற்சுவருடன் ஒப்பிட்டு விளக்கினார். கெரட்டின் நிறைந்த இறந்த உயிரணுக்கள் செங்கற்கள் ஆகும். அவற்றுக்கு இடையே நிறைந்துள்ள செரமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சுண்ணாம்புச் சாந்து ஆகும். சாந்து கரைந்தால் செங்கல் இருந்தும் சுவர் ஒழுகும். சோப்பு அழுக்கை மட்டும் பிரித்தறிந்து நீக்குவதில்லை. இந்தச் சாந்தின் ஒரு பகுதியையும் அது கரைத்துச் செல்கின்றது.

நலமான தோலின் மேற்பரப்பு சிறிதளவு அமிலத்தன்மை கொண்டது. பி.எச். எனப்படும் காரகாடித்தன்மைச் சுட்டெண்ணில் இது ஏறத்தாழ 5 ஆகும். 1928 இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஷாடே, மார்ச்சியோனினி ஆகியோர் இதனை அமிலப் போர்வை என்று அழைத்தனர். செரமைடுகளை உருவாக்கும் நொதிகள் இந்த அமிலச் சூழலில்தான் நன்கு இயங்குகின்றன. வழக்கமான சோப்புக் கரைசலின் சுட்டெண் 9 முதல் 10 வரை இருக்கும். காரத்தன்மை கூடும்போது உயிரணுக்களைப் பிணைக்கும் புரதங்களைச் சிதைக்கும் நொதிகள் வேகம் பெறுகின்றன. இதனால் செதில்கள் உரிய காலத்துக்கு முன்பே உதிர்கின்றன.

எல்லோருடைய தடுப்பரணும் ஒரே வலிமை உடையதன்று. கொம்புப்படையின் உறுதிக்கும் ஈரத்துக்கும் பிலாகிரின் என்னும் புரதம் தேவை. இதன் மரபணுவில் உள்ள குறைபாடு மரபுவழி வறள்தோலுக்கும் கரப்பானுக்கும் காரணமாகின்றது என்பது 2006 இல் கண்டறியப்பட்டது. அக்காளுக்கு ஒத்துக்கொள்ளும் களிம்பு தங்கைக்கு எரிவதற்கு இத்தகைய வேறுபாடுகளும் ஒரு காரணம் ஆகும்.

காரணங்கள்

- மிகைக் கழுவல்: ஒரு நாளில் பலமுறை சோப்பிட்டுக் கழுவுதல், சுடுநீரில் நெடுநேரம் குளித்தல்.
- தேய்ப்பு: கரடுமுரடான ஸ்கிரப், பீர்க்கங்கூடு, சொரசொரப்பான துண்டு ஆகியவற்றால் அழுத்தித் தேய்த்தல்.
- வீரியமான பொருட்களின் கூட்டு: கிளைகோலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம், பென்சாயில் பெராக்சைடு, ரெட்டினாய்டு, அமில நிலையிலுள்ள வைட்டமின் சி ஆகியவை தனித்தனியே பயன் தருபவை. ஒரே காலத்தில் இரண்டு மூன்றைத் தொடங்கும்போது உறுத்தல் பெருகுகின்றது.
- மணப்பொருட்களும் ஆல்ககாலும்: சில டோனர்களில் உள்ள ஆல்ககால் தோலை உலர்த்தும். மணப்பொருட்கள் சிலருக்கு ஒவ்வாமையையும் உண்டாக்கும்.
- வீட்டுப் பொருட்கள்: எலுமிச்சைச் சாற்றை முகத்தில் நேரடியாகப் பூசுதல் கடும் உறுத்தலைத் தரும். இயற்கைப் பொருள் என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

அறிகுறிகள்

முகம் கழுவியவுடன் தோல் இழுத்துப் பிடிப்பது போன்ற உணர்வு முதல் அறிகுறி ஆகும். பலர் இதனைத் தூய்மையின் அடையாளமாகக் கருதுகின்றனர். உண்மையில் இது நீரிழப்பின் அடையாளம். அடுத்த நிலையில் சொரசொரப்பு, செதில், அரிப்பு ஆகியவை தோன்றும். எந்த எரிச்சலும் தராதிருந்த பழைய மாய்ஸ்சரைசரே எரியத் தொடங்கினால், தடுப்பரண் சேதமுற்றுள்ளது என்று கொள்ளலாம்.

பாடநூல்கள் பலவும் சிவத்தலை முதன்மை அறிகுறியாகக் குறிப்பிடுகின்றன. மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பு எளிதில் புலப்படாது. சாம்பல் பூத்தது போன்ற தோற்றமாகவோ கருமையாகவோ அது தெரியும். அழற்சி தணிந்த பின்னும் அவ்விடத்தில் கருமை சில மாதங்கள் நீடிக்கலாம். இக்கருமையைப் போக்க எண்ணி மேலும் வீரியமான களிம்பைப் பூசும்போது புதிய அழற்சியும் புதிய கருமையும் ஏற்படுகின்றன. இவ்வாறு ஒரு சுழற்சி உருவாகின்றது.

கோயம்புத்தூர்ச் சூழல்

தட்பவெப்பமும் நீரும் இந்த வறட்சியின் அளவை மாற்றக்கூடியவை. கோயம்புத்தூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில், பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே அமைந்துள்ளது. மார்கழிக்குப் பின் பங்குனி வரை மழை குறைந்து, பகற்பொழுதில் காற்றின் ஈரப்பதம் தாழ்கின்றது. மழைக்காலத்தில் தொல்லை தராத அதே பேஸ் வாஷ் இம்மாதங்களில் உதட்டோரத்தையும் கன்னத்தையும் வெடிக்கச் செய்யலாம். நாள் முழுவதும் குளிரூட்டப்பட்ட அலுவலகங்களில் பணிபுரிவோருக்கு ஆண்டு முழுவதும் இந்நிலை பொருந்தும்.

நகரின் குடிநீர் சிறுவாணி, பில்லூர் ஆகிய நீராதாரங்களிலிருந்து வருகின்றது. சிறுவாணி நீரை நகருக்குக் கொண்டுவர முன்னின்றவர்களுள் ஒருவரான சி. எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் பெயராலேயே ஆர்.எஸ்.புரம் வழங்குகின்றது. மலைநீரான சிறுவாணி மென்னீர் ஆகும். குழாய்நீர் போதாதபோது வீடுகளும் அடுக்ககங்களும் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குளிக்கப் பயன்படுத்துகின்றன. கொங்கு வழக்கில் முன்னது நல்ல தண்ணீர், பின்னது உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் மிகுந்திருப்பின் அது வன்னீர் எனப்படும். இவ்வயனிகள் சோப்புடன் சேர்ந்து கரையாத படிவை உண்டாக்குகின்றன. வாளியின் உட்புறத்தில் வெண்மையாகப் படிவது இதுவே.

வன்னீரில் கழுவும்போது சோப்புப் பொருட்களின் எச்சம் தோலில் கூடுதலாகத் தங்கி உறுத்தலை ஏற்படுத்துகின்றது என்று இங்கிலாந்தின் ஷெபீல்டு ஆய்வாளர்கள் 2018 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எனினும் இதனை மிகைப்படுத்தலாகாது. கரப்பான் உள்ள 336 சிறுவர்களிடம் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான மற்றோர் இங்கிலாந்து ஆய்வில், வீட்டில் நீர் மென்மையாக்கும் கருவி பொருத்தியதால் நோய் கூடுதலாகக் குறையவில்லை. ஆகவே, விலையுயர்ந்த கருவி வாங்குவதற்கு முன், சோப்பைக் குறைத்து நன்கு அலசுவதும், இயன்றால் முகத்தை மட்டும் நல்ல தண்ணீரில் கழுவுவதும் எளிய வழிகள் ஆகும்.

மரபுவழிக் குளியல்

கொங்கு நாட்டில் நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் அல்லது அரப்புத் தூள் கொண்டு குளிக்கும் வழக்கம் உள்ளது. அரப்பு என்பது உசிலை மரத்தின் இலைப்பொடி ஆகும். இரண்டிலும் சப்போனின் என்னும் நுரைக்கும் பொருள் உண்டு. எண்ணெய் பூசிய பின் கழுவுவதால், கழுவுபொருள் முதலில் அந்த எண்ணெயை எடுத்துச் செல்கின்றது. ஆனால் சேதமுற்ற முகத்தில் பொடியை அழுத்தித் தேய்ப்பது ஸ்கிரப் போன்றே தீங்கு தரும்.

எல்லா எண்ணெய்களும் ஒரே தன்மையுடையவை அல்ல. 2004 இல் பிலிப்பீன்சில் 34 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், வறள்தோலுக்குத் தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெய்க்கு இணையாகப் பயன்பட்டது. 2013 இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஆலிவ் எண்ணெய் தடுப்பரணைப் பலவீனப்படுத்தியது. முகப்பரு வரும் முகத்தில் தேங்காய் எண்ணெய் துளைகளை அடைக்கலாம் என்பதால், அதனைக் கை கால்களுக்கு மட்டும் பயன்படுத்துவது நன்று.

சீரமைக்கும் முறை

1. நிறுத்துதல்: மென்மையான கழுவுபொருள், மணமற்ற மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன் ஆகிய மூன்றைத் தவிர ஏனையவற்றை நிறுத்த வேண்டும். மருத்துவர் எழுதித் தந்த மருந்தாயின் அவரைக் கேட்டே நிறுத்தவோ குறைக்கவோ வேண்டும்.
2. கழுவுதலைக் குறைத்தல்: காலையில் வெறும் நீரும் இரவில் ஒருமுறை கழுவுபொருளும் போதும். நீர் வெதுவெதுப்பாக இருக்கலாம், சூடாக இருத்தலாகாது. இந்தியத் தர நிர்ணயத்தில் குளியல் சோப்பின் மொத்தக் கொழுப்புப்பொருள் முதல் தரத்தில் குறைந்தது 76 விழுக்காடு, இரண்டாம் தரத்தில் 70, மூன்றாம் தரத்தில் 60 ஆகும். முதல் தரச் சோப்பும் காரத்தன்மை உடையதே என்பதால், வறண்ட முகத்துக்குச் சோப்பு அல்லாத கழுவுபொருளே ஏற்றது.
3. ஈரத்தைக் காத்தல்: துண்டால் ஒற்றியெடுத்த சில நிமிடங்களுக்குள், தோல் ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் பூச வேண்டும். கிளிசரின் நீரை ஈர்த்து வைக்கும். பெட்ரோலியம் ஜெல்லி அந்நீர் ஆவியாகாமல் மூடும். செரமைடு உள்ளவை சாந்தின் குறையை ஈடுசெய்ய உதவும்.
4. காத்திருத்தல்: மேற்றோல் முழுவதும் புதுப்பிக்கப்பட ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். எரிச்சல் சில நாட்களில் தணிந்தாலும், குறைந்தது இரண்டு முதல் நான்கு வாரங்கள் இதே எளிய முறையைத் தொடர வேண்டும்.
5. முன்சோதனை: புதிய பொருளை முன்னங்கையின் உட்புறத்தில் ஒரே இடத்தில் நாள்தோறும் இருமுறை, ஏழு நாட்கள் பூசிப் பார்க்கலாம். அரிப்போ தடிப்போ தோன்றினால் அதனைத் தவிர்க்க வேண்டும். பேஸ் வாஷ் போன்று கழுவி நீக்குபவற்றுக்கு இச்சோதனை பொருந்தாது.
6. ஒவ்வொன்றாகச் சேர்த்தல்: ஒரு பொருளைச் சேர்த்த பின் இரண்டு வாரங்கள் கழித்தே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். இரண்டை ஒரே நாளில் தொடங்கினால், தீங்கு செய்தது எது என்று கண்டறிய இயலாது. ரெட்டினாய்டை முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு, வாரத்துக்கு இரண்டு இரவுகள் என்று தொடங்கி மெல்லக் கூட்டலாம். கருவுற்ற பெண்கள் இதனைத் தவிர்க்க வேண்டும்.

ஸ்டீராய்டு களிம்புகள்

எரிச்சலுக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கப்படும் களிம்புகளில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள் இருக்கக்கூடும். இவை ஓரிரு நாளில் எரிச்சலைத் தணித்து நிறத்தையும் வெளுப்பாகக் காட்டுவதால், நல்ல களிம்பு என்ற பெயர் பெற்றுவிடுகின்றன. முகத்தில் தொடர்ந்து பூசினால் தோல் மெலிகின்றது, குருதி நாளங்கள் வெளியே தெரிகின்றன, பருக்கள் தோன்றுகின்றன. நிறுத்தியவுடன் எரிச்சல் முன்னிலும் கடுமையாகத் திரும்புவதால் மீண்டும் அதையே பூச நேரிடுகின்றது.

இந்தியாவின் 12 தோல் மருத்துவ மையங்களில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வில், முகத் தோல் சிக்கலுடன் வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு களிம்பு பயன்படுத்தியது தெரியவந்தது. 2018 மார்ச்சில் நடுவண் அரசு 14 ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத அட்டவணை எச் இல் சேர்த்தது. நீண்ட நாள் பூசி வந்தவர்கள் தாமாக உடனே நிறுத்தாமல், தோல் மருத்துவரின் மேற்பார்வையில் குறைப்பதே பாதுகாப்பானது.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

நான்கு வாரங்கள் எளிய முறையைக் கடைப்பிடித்தும் குறையாத வறட்சி, நீர் வடிதல் அல்லது சீழ், கண்ணிமை வீக்கம், உறக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு ஆகியவற்றுக்குத் தோல் மருத்துவரை அணுக வேண்டும். உடல் முழுவதும் வறட்சியுடன் களைப்பும் எடை கூடுதலும் இருப்பின் தைராய்டுச் சுரப்புக் குறைவும் காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் செல்லும்போது பயன்படுத்திய எல்லாப் பொருட்களையும், பெயர் தெரியாத களிம்பு உட்பட, கையில் எடுத்துச் செல்வது காரணத்தை விரைவில் கண்டறிய உதவும்.