நெய்வேலியிலிருந்து ஜித்தாவுக்கு எத்தனை மணி நேரம்?

நெய்வேலி நகரியத்தில் நேரத்தின் அருமையை எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் இரவு பகலாக முறை மாற்றிப் பணிபுரிவோரின் குடும்பங்கள் கடிகாரத்தோடு வாழ்ந்து பழகியவை. ஆயினும் வீட்டுப் பெரியவர் உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ புறப்படும்போது, விமானச் சீட்டில் உள்ள நேரம் அவர்களையும் குழப்பிவிடுகிறது.

சென்னையில் காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் ஜித்தாவைப் பகல் 1.15 மணிக்கு அடையும் என்று சீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். "மூன்றேகால் மணி நேரம்தானே!" என்று வீட்டார் எண்ணுவர். ஒன்றேகால் மணி கடந்தும் அத்தாவிடமிருந்து தொலைபேசி வரவில்லையெனில் கலங்குவர். உண்மையில் அவர் அப்போது பாதி வழியைச் சற்றே தாண்டியிருப்பார், அவ்வளவுதான்.

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். நேரடி விமானம் இதனைக் கடக்க ஐந்தரை முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். காற்றின் திசையைப் பொறுத்து இது கூடவோ குறையவோ செய்யும். சவூதி நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியது. சீட்டில் அந்தந்த ஊர் நேரமே குறிக்கப்படும். ஆகவே போகும்போது கணக்கில் இரண்டரை மணியைக் கூட்ட வேண்டும். திரும்பும்போது கழிக்க வேண்டும்.

இக்கணக்கு இரண்டு காரியங்களுக்கு இன்றியமையாதது. முதலாவது இஹ்ராம். ஜித்தாவில் இறங்குவதற்கு முன்பே, வானிலேயே மீகாத் எல்லை கடந்துவிடும். ஜித்தாவில் இறங்கியபின் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பது தவறாகிவிடும். எனவே நேரடியாகச் செல்வோர் இஹ்ராம் உடையைச் சென்னையிலேயே அணிந்துகொண்டு, விமானத்தில் அறிவிப்புக் கேட்டதும் நிய்யத் செய்வது வழக்கம். முதலில் மதீனா செல்வோருக்கு இது பொருந்தாது; அவர்கள் ஆலிம்களிடம் விளக்கம் கேட்டறிக.

இரண்டாவது மருந்து. இரவு 8 மணிக்கு மாத்திரை உட்கொள்பவருக்கு ஜித்தாவில் அந்நேரம் மாலை 5.30 மணியாக இருக்கும். நீரிழிவு உள்ளோர் மருந்து நேரத்தை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்வது நலம். மருந்தைக் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

விமான நேரம் மட்டுமே பயண நேரமன்று. நெய்வேலியிலிருந்து சென்னைக்குச் சாலை வழியே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். நான்கைந்து மணி நேரம். விமான நிலையத்தில் மூன்று மணி நேரமேனும் முன்னதாக இருத்தல் வேண்டும். இறங்கியபின் சோதனைகள் முடிந்து, மேலும் 80 கிலோமீட்டர் சென்றால்தான் மக்கா. ஆக, வீட்டு வாசலிலிருந்து பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாது.

மும்பையிலிருந்து ஹாஜிகள் கப்பலேறும் வழக்கம் 1995-இல் நின்றுபோனது. அந்நாளில் கடலிலேயே பல நாள்கள் கழியும். ஆயத்தமாக அவகாசம் இருந்தது. இன்று அந்த ஆயத்தத்தை வீட்டிலேயே முடித்தாக வேண்டும். புறப்படுமுன் ஒரு தாளில் இரு ஊர்களின் நேரத்தையும் எழுதி, ஒன்றைப் பெரியவரின் பையிலும் மற்றொன்றை வீட்டுச் சுவரிலும் வையுங்கள். இன்ஷா அல்லாஹ், போகிறவரும் காத்திருப்பவரும் கலக்கமின்றி இருப்பர்.